வலப்பக்கக் கொம்பு

உங்கள் எழுத்தருக்கு இறகுப் பேனா சீவத் தெரியவில்லை, நீதிபதி ஐயா. முனை அகலமாகிவிட்டது. இப்படியே எழுதினால் கொஞ்ச நேரத்தில் தாளெல்லாம் மை கொட்டும். நான் சீவித் தரட்டுமா என்று கேட்டேன், முறைக்கிறார். சரி, அவர் பாட்டுக்கு எழுதட்டும். நான் நிதானமாகவே சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை, மறைப்பதற்கும் ஒன்றுமில்லை.

என் பெயர் ஒத்தாவியோ. பேராசிரியர் லத்தான்சியோவின் வீட்டு ஓவியன். உலகத்து மிருகங்களை எல்லாம் ஒரே புத்தகத்துக்குள் அடைத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவர் எழுதுகிறார், நான் வரைகிறேன். அவர் எழுதுவதை யாரும் படிப்பதில்லை. ஒரு முள்ளம்பன்றியைச் சொல்ல வந்தால் ஆதாமில் தொடங்கி, முள்ளுக்கு வந்து சேர்வதற்குள் படிப்பவன் தூங்கிவிடுவான். எல்லோரும் படத்தைத்தான் பார்க்கிறார்கள், கர்தினால் உட்பட. ஆக, இந்தப் பொலோஞா நகரத்துப் புகழ்பெற்ற புத்தகம் யாருடைய புத்தகம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

படம் போட்ட மிருகப் புத்தகங்களுக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை. ஒன்றில் அங்கி போட்ட மீன் ஒன்று ஆயரைப் போல நின்று ஆசி வழங்குகிறது. இன்னொன்றில் திமிங்கிலத்தின் தலையில் இரண்டு புகைபோக்கி. வரைந்தவன் திமிங்கிலத்தைப் பார்த்தானா என்றால், பார்த்ததாகச் சொன்னவனோடு எங்கோ ஒரு கடையில் குடித்திருப்பான். சந்தை முனையிலிருக்கும் மருந்துக்கடைக்காரன் காய்ந்த திருக்கை மீனைக் கத்தரித்து, வாலை முறுக்கி, கண்ணுக்கு மணி பதித்து, பறக்கும் நாகம் என்று விற்கிறான். படித்த மேதைகள் அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்கள். எங்கள் பேராசிரியரே ஒருமுறை அப்படி ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். நான் அதைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். சாயங்காலத்துக்குள் நாகம் மீனாகிவிட்டது. சமையல்காரி பூனைக்குப் போட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி. நான் கண்ணால் பார்க்காத எதுவும் புத்தகத்தில் ஏறாது. ஏறும் ஒவ்வொரு படத்தின் கீழும் 'நேரில் கண்டு வரைந்தது, ஒத்தாவியோ' என்று அச்சாகும். பொய்யர்கள் நிறைந்த தொழிலில் ஒருவனாவது உண்மையை மட்டும் வரைகிறான் என்று நான் சொன்னால் அது தற்பெருமை ஆகாது.

மெங்கீனோ போன கோடையின் கடைசியில் வந்தான். மலைமேல் கரி சுடுகிறவன். இடப்பக்க நெற்றிப்பொட்டில் ஒரு கொம்பு இருந்தது. செம்மறியின் கொம்பைப் போலப் பின்னால் வளைந்து காதைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவனுடைய ஊர்ப் பங்குச்சாமியார் அதைப் பார்த்து முதலில் பயந்தார், பிறகு பெருமைப்பட்டார், கடைசியில் ஒரு கடுதாசியைக் கொடுத்து எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

பேராசிரியருக்குக் கண் மங்கிவிட்டது. கொம்பில் மூக்கு இடிக்கும் தூரத்துக்குப் போய்ப் பார்த்தார்.

"அருமை, அருமை. ஒத்தாவியோ, இதை எங்க வைக்கிறது? மனுஷனோட வெச்சா அந்த அத்தியாயமே கெட்டுப்போகும். ஆட்டுக்கும் குரங்குக்கும் நடுவுல வெச்சிடுவோம்."

"எங்க வேணும்னாலும் வைங்க, எசமான்" என்றான் மெங்கீனோ. "சமையல்கட்டுக்குப் பக்கத்துல வெச்சா புண்ணியமாப் போகும்."

கொல்லையில் புனுகுப்பூனையின் கூண்டை ஒட்டியிருந்த அறையில் வைத்தோம். வேளாவேளைக்குச் சோறு, ஒரு கம்பளி, குடிக்க ஒயின். அவன் மலைமேல் இருந்ததைவிட இங்கே நன்றாகத்தான் இருந்தான். சமையல்கட்டில் அவனைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம். சமையல்காரி ஒருநாள் கேட்டாள்: "ஏம்ப்பா, பொண்டாட்டி யாரோடயோ போனாத்தானே புருஷனுக்குக் கொம்பு முளைக்கும்னு சொல்வாங்க? உன் வீட்டுல என்ன சேதி?"

"அதுக்கு ரெண்டு கொம்பு வேணும், அக்கா. எனக்கு ஒண்ணுதான். என் பொண்டாட்டி பாதி நல்லவ."

வீடே சிரித்தது. இந்த அளவு நகைச்சுவைக்கே சிரிக்கிற வீடு அது. நான் சிரிக்கவில்லை என்று சமையல்காரி உங்களிடம் சொல்லியிருப்பாள். ஒருமுறை சிரித்திருக்கலாம்.

இப்போது கட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு எதுவும் புரியாது. படத்தை மரக்கட்டையில் வரைவோம். கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்ற மரத்தையெல்லாம் செதுக்கி எடுப்பார்கள். அதில் மை தடவித் தாளில் அழுத்தினால், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகப் புரண்டு விழும். அதனால் முதலில் தாளில் வரைந்து, அதைப் புரட்டித்தான் கட்டையில் ஏற்ற வேண்டும். இது எந்த மடையனுக்கும் தெரியும். என் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் செய்திருக்கிறேன்.

மெங்கீனோவை வரைய உட்கார்ந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. இடையில் தாள் எதற்கு? தாளைப் பார்த்துக் கட்டையில் வரைந்தால் அதுவும் நகல்தானே? மற்றவர்கள் அடுத்தவன் புத்தகத்தைப் பார்த்து வரைகிறார்கள், நான் என் தாளைப் பார்த்து வரைகிறேன். வித்தியாசம் கொஞ்சம்தான். ஆகவே அவனை எதிரே உட்காரவைத்து, கண்ணிலிருந்து நேராகக் கட்டைக்கே இறக்கினேன். கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. அதைவிட நேரில் கண்ட படம் உலகத்தில் கிடையாது. வரைந்த வேகத்தில், புரட்ட வேண்டும் என்பது நினைவில் இல்லை. எழுத்தர் இங்கே 'தவறு' என்று எழுதுகிறார், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை.

செதுக்குகிறவர் யோர்க் என்கிற ஜெர்மானியர். கொடுத்ததைச் செதுக்குவார், சாப்பிடுவார், தூங்குவார். மெங்கீனோவை அவர் கண்ணாலும் பார்த்ததில்லை. படம் அச்சாகி வந்தது. அதில் கொம்பு வலப்பக்கம். எனக்குக்கூடக் கண்ணில் படவில்லை, வேலை அவ்வளவு அழகாக வந்திருந்தது.

பேராசிரியர் அந்த அச்சுத்தாளைப் பார்த்துத்தான் எழுதினார். கொல்லைக்கு நடந்தால் ஆளையே பார்க்கலாம், ஆனால் முற்றத்தில் வெயில் என்றார். வலப்பக்கம் கல்லீரலின் பக்கம், சூடு மிகுந்த பக்கம். அந்தச் சூடு மேலேறி மண்டையோட்டை இளக்கி வெளியே வழிந்து கொம்பாக உறைந்திருக்கிறது. குளிர்ந்த இடப்பக்கத்தில் கொம்பு முளைப்பது இயற்கைக்கே ஆகாத காரியம். இப்படிப் பக்கம் பக்கமாக எழுதி அச்சடித்து, ஒரு பிரதியைக் கர்தினாலுக்கும் ஒன்றைப் பதுவை நகரத்து மருத்துவர் ஒருவருக்கும் அனுப்பிவிட்டார்.

இலை உதிர்ந்து, காட்டில் கஷ்கொட்டை பொறுக்கும் காலம் வந்ததும் மெங்கீனோவின் மனைவி மலையிலிருந்து இறங்கிவந்தாள். தியாமந்தே என்று பெயர். ஆள் சிறியவள், குரல் பெரியது. புருஷனைக் கூட்டிப்போக வந்தவளிடம் அவன் தன் படத்தை எடுத்துக் காட்டினான். கைகளைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"யாருய்யா இது?"

"நான்தான்டி. பாரேன், அப்படியே இருக்கேன். வாளித் தண்ணில குனிஞ்சு பாத்தா இப்படித்தான் தெரியறேன்."

"வாளிக்குள்ள இருக்கறவன்கூட நான் குடும்பம் நடத்தலியே. கொம்பு அந்தப் பக்கம்யா. இந்தப் பக்கம் நான் படுக்கிற பக்கம். இதுல இருக்கற மாதிரி இருந்திருந்தா கல்யாணத்தன்னிக்கே என் கண்ணு போயிருக்கும்."

நான் அவனைப் பார்த்தேன். இடம். தாளைப் பார்த்தேன். வலம். அவர்கள் இரண்டு பேரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சமையல்காரி வேறு வந்து எட்டிப்பார்த்துச் சிரித்தாள், எதற்கு என்று தெரியாமலே. பேராசிரியருக்கு இன்னும் கொஞ்ச நாள் அவன் தேவை என்று சொல்லி தியாமந்தேயைத் திருப்பி அனுப்பினேன். போகும்போது அவன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துவிட்டு, "சாப்பாடு நல்லாருக்குன்னு இங்கயே தங்கிடாதே. கழுதை உன்னைக் கேக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றே பேராசிரியரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லலாம். அவர் அழுவார். பிறகு எல்லாப் பிரதிகளிலும் அந்தப் பக்கத்தைக் கிழித்து, கர்தினாலுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதுவார். ஒத்தாவியோ வரைந்த படம் பொய் என்று ஊருக்கே தெரியும். மருந்துக்கடைக்காரனுக்குக்கூட. திருக்கை மீனை வெட்டுகிறவன் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பதை நினைத்துப் பாருங்கள். அதை நான் நினைத்துப் பார்த்தேன், ஒரு கணம் போதுமானதாக இருந்தது.

யோர்க்கிடம் கேட்டேன். அவர் உங்களிடம் சொன்னது உண்மைதான்.

"கட்டையை எப்ப வேணும்னாலும் சரி பண்ணலாம்" என்றார். "அந்த எடத்தைத் தோண்டி வேற துண்டை வெச்சு அடிச்சாப் போச்சு. வெளிய போன தாளுக்கு நான் என்ன பண்ண? இதப் பாருங்க, அந்த ஆளை ஊருக்கு அனுப்பிடுங்க. மலையேறிப் போய் எவன் கொம்பு எந்தப் பக்கம்னு பாக்கப் போறான்?"

ஆளை ஒளித்துவைத்துவிட்டு நேரில் கண்டது என்று சொல்வதா? இதுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்களின் நேர்மை. அதற்குள் பதுவையிலிருந்து கடிதமும் வந்துவிட்டது. மருத்துவர் ஃபுல்ஜென்சியோ எழுதியிருந்தார். யானைக்கு முழங்கால் இல்லை என்று எழுதிய ஒரு கிழவரைப் பார்த்துச் சிரித்தே ஊரைவிட்டுத் துரத்தியவர். புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறாராம், கொம்பை அதோடு வைத்துப் பார்க்க வேண்டுமாம். பேராசிரியர் சந்தோஷத்தில் புது விரிப்பு வாங்கச் சொன்னார்.

வீட்டிலுள்ளவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கொம்பு எந்தப் பக்கம் என்று சமையல்காரியைக் கேட்டேன். வலது என்றாள், இல்லை இடது என்றாள், கடைசியில் நடுவில் என்றாள். கோடை முடிந்ததிலிருந்து அவனுக்குச் சோறு போடுகிறவள். மனிதர்கள் பார்ப்பதே இல்லை, ஐயா. பார்க்கிறவன் நான் ஒருவன்தான். அதனால் பார்த்ததைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பும் எனக்குத்தான்.

முதலில் அவனிடமே நியாயமாகப் பேசினேன். கொம்பை அறுத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். வெறும் தலையைக் காட்டி, கொம்பு உதிர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

"சின்ன வயசுல எங்க அம்மா ரம்பம் வெச்சு அறுத்துப் பாத்தா. நிறுத்தாம ரத்தம் கொட்டுச்சு. சாமியார் வந்து சாகப்போறவனுக்குப் பூசற எண்ணெயைப் பூசற வரைக்கும் போயிடுச்சு. அதுக்கப்புறம் யாரும் அதைத் தொடல. எதுக்கு ஐயா?"

படத்தில் பக்கம் மாறியிருப்பதைச் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்தான். எனக்காக வருத்தப்பட்டான் என்றுகூட நினைக்கிறேன். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"கொம்பு அந்தப் பக்கம் இருந்தா உங்க படத்துக்கு நல்லது. இந்தப் பக்கம் இருந்தா என் பொண்டாட்டிக்கு நல்லது. நான் யார் பக்கத்துல படுக்கறேன்னு பாக்கணும்ல? விடுங்க, ஐயா. பெரிய மனுஷங்க வந்தா நான் சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்கறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

கரி சுடுகிறவன் எனக்குப் பொய் சொல்ல வழி காட்டினான். என்னைக் காப்பாற்றச் சுவரைப் பார்த்து நிற்பானாம்.

அது நடந்தது ஒரு மத்தியானத்தில். பேராசிரியர் வகுப்பெடுக்கப் போயிருந்தார். சமையல்காரி சந்தையில் கதை அளந்துகொண்டிருந்தாள். புனுகுப்பூனை வரைய விடாமல் சுற்றிச் சுற்றி வந்தால் பாலில் கொஞ்சம் அபினி கலந்து கொடுப்பது எங்கள் வழக்கம். அதே புட்டிதான், அளவு மட்டும் கூடுதல். பேராசிரியரின் நல்ல ஒயினில் கலந்து கொடுத்தேன். குடித்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டு, "இப்படி ஒண்ணு வீட்டுல இருக்கும்போதா எங்களுக்குப் புளிச்சதை ஊத்துறீங்க?" என்று கேட்டான். பிறகு வைக்கோலில் சாய்ந்தான். அவன் நன்றாகத் தூங்கிய பிறகே தலையணையை எடுத்தேன். கைகள் கொஞ்சம் அசைந்தன. வலி இருந்திருக்காது. மிருகங்களுக்கும் நான் வலி தெரியவிடுவதில்லை.

என் வேலையைப் பதுவைக்காரர் கசாப்புக்கடை வேலை என்று சொன்னாராம். அதற்காக இதைச் சொல்கிறேன். கொம்பு கண்ட இடத்தில் ஒட்டவைக்கிற பொருள் அல்ல. வேரோடு எடுத்து, வலப்பக்கத்து எலும்பில் அதற்கு இடம் செய்து, அடியில் மெழுகு வார்த்துப் பொருத்தினேன். தோலை உப்பிலும் படிகாரத்திலும் பதப்படுத்தினேன். உள்ளே சணல் அடைத்தேன். இடப்பக்கம் திறந்திருந்த இடத்தை இழுத்துத் தைத்து, பிடரி மயிரை எடுத்து மேலே நட்டேன். முகத்தின் ஒரு சுருக்கம்கூடக் குலையவில்லை. மீதி உடலைக் கொல்லையில், நெருப்புக்கோழியைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் புதைத்தேன். முடிந்த பிறகு அச்சுத்தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோட்டுக்குக் கோடு ஒன்றாக இருந்தது. என் படத்தோடு அப்படி ஒத்துப்போன உயிர் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

காய்ச்சல் என்று பேராசிரியரிடம் சொன்னேன்.

"போயிடுச்சா? அடடா, நேத்துகூட நல்லா சாப்பிட்டுச்சே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து, 'பிடிபட்ட பின் இவை நெடுநாள் வாழ்வதில்லை' என்று ஒரு வரி சேர்த்தார். தலையையாவது பதப்படுத்திவைத்தாயே என்று என்னைப் பாராட்டினார்.

தியாமந்தேக்கும் சொல்லி அனுப்பினேன். காய்ச்சலில் போய்விட்டான், தர்ம ஆஸ்பத்திரிக் கல்லறையில் அடக்கமாகிவிட்டது, துணிமணிகளை வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள் என்று. அவள் புதன்கிழமையே வந்துவிட்டாள். மலைக்காரர்களுக்குக் கிழமை எல்லாம் ஒன்றுதான்.

புதன்கிழமைதான் ஃபுல்ஜென்சியோ வந்திருந்தார். புது விரிப்பின் மேல் தலை இருந்தது, பக்கத்தில் புத்தகம் விரித்திருந்தது. குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், கொம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. "வலது. வலதேதான்" என்றார். "ஒத்தாவியோ, இத்தாலி தேசத்துல கண்ணு இருக்கற ஓவியர் நீங்க ஒருத்தர்தான்." அது எனக்கு முன்பே தெரியும், இருந்தாலும் தலைவணங்கினேன்.

துணி மூட்டைக்காக அடுக்களையில் காத்திருந்தவளைச் சமையல்காரி உள்ளே விட்டிருக்கிறாள். புருஷனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கட்டுமே என்று. யாரும் கேட்காமல் நல்லது செய்கிறவர்களால்தான் உலகம் கெடுகிறது.

அவள் அலறுவாள் என்று நினைத்தேன். அலறவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் போய் அவன் வலது கன்னத்தோடு தன் கன்னத்தை வைக்கக் குனிந்தாள். கொம்பு இடித்தது. அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தாள். முடியை விரலால் கோதி விலக்கினாள். தேடிக்கொண்டே போன விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்தப் பக்கத்தை யாரு தைச்சது?"

என்னைக் கேட்கவில்லை, ஃபுல்ஜென்சியோவைத்தான் கேட்டாள். அவர் குனிந்து அவள் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்தார். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவள் தலையை எடுத்துத் தன் தோள் சால்வையில் சுற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேராசிரியர் மட்டும், "கொம்பு பத்திரம், கொம்பு பத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் சேவகர்கள் வரும்வரை யாராலும் அவளிடமிருந்து அதை வாங்க முடியவில்லை.

ஆமாம், அதன் உயிரை எடுத்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொலை என்று எழுதுவதற்கு முன் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஆட்டுக்கும் குரங்குக்கும் நடுவில் இருக்கிறது. பேராசிரியர் வகைப்படுத்தினார், திருச்சபையின் தணிக்கையாளர் படித்து ஒப்புதல் தந்தார், கர்தினால் பாராட்டி எழுதினார். யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. எனக்கும் ஒரு நாளும் வந்ததில்லை. ஒரு விலங்கை வரைந்து முடித்த ஓவியன் அதைப் பதப்படுத்துவது குற்றம் என்றால், இந்த நகரத்தில் பாதிப் பேரை நீங்கள் இங்கே அழைத்துவர வேண்டியிருக்கும்.

கோயிலைப் பற்றிக் கேட்கிறீர்கள். எங்கள் தெருப் பங்குச்சாமியார் சொன்னது சரிதான். அன்று காலையில் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெற, பாவசங்கீர்த்தனத்துக்கு அவனை அழைத்துப்போனது நான்தான். அவனுக்கு இஷ்டமில்லை. கோயிலுக்குள் போனால் கொம்பைப் பார்த்துப் பெண்கள் சிலுவை போட்டுக்கொள்கிறார்கள், பிறகு ஒருநாள் போகலாம் என்றான். என் சால்வையைத் தலையில் சுற்றிவிட்டு நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். உள்ளே வெகுநேரம் இருந்தான். அவனுக்கு அவ்வளவு பாவம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். மத்தியானம் நடக்கப்போவது அவனுக்குத் தெரியாது, சாமியாருக்கும் தெரியாது, எனக்குத்தான் தெரியும். ஒரு மனிதனைப் பாவத்தோடு அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை.